மூன்று எழுத்துக்குள் இருக்கும் ஜேம்ஸ் லான்சிங்

திருமண மண்டபத்தின் மேடையோரத்தில் நிற்கும் கறுப்புப் பெட்டிகளில், கோயில் திருவிழாக் கலைநிகழ்ச்சிகளில், பிள்ளைகள் கையில் தூக்கிக்கொண்டு திரியும் சிறிய புளூடூத் ஸ்பீக்கரில் என ஜேபிஎல் என்ற மூன்று எழுத்தைப் பார்க்காதவர்கள் நம்மில் குறைவு. கணினிக்குப் பக்கத்தில் வைக்கும் சிறிய ஸ்பீக்கர்களில் ஆல்டெக் லான்சிங் என்ற பெயரைப் பார்த்தவர்களும் இருப்பார்கள். இரண்டும் வெவ்வேறு நிறுவனங்கள். ஆனால் இரண்டு பெயரும் ஒரே மனிதரிடமிருந்து வந்தவை.

அவர் ஜேம்ஸ் புல்லோ லான்சிங். திரையரங்குகளுக்காகச் செய்யப்பட்ட பெரிய கூம்பு ஒலிபெருக்கியை வீட்டுக் கூடத்துக்குக் கொண்டுவர வழி போட்டவர்களில் முக்கியமானவர். 1949இல், 47 வயதில், கடனுக்கு நடுவே இறந்துபோனார். வீட்டில் உட்கார்ந்து நல்ல இசை கேட்கும் பழக்கம் அமெரிக்காவில் பெரிய வணிகமாக மாறியது அதற்குப் பிறகுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். லான்சிங் என்பது அவர் பிறந்தபோது வைத்த பெயர் அல்ல.

நிலக்கரி ஊர்களில் வளர்ந்த பையன்

1902 ஜனவரி 14ஆம் தேதி அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் மெக்கூபின் வட்டாரத்தில் ஜேம்ஸ் மார்டினி என்ற பெயரில் அவர் பிறந்தார். தந்தை ஹென்றி மார்டினி நிலக்கரிச் சுரங்கப் பொறியாளர். தாய் கிரேஸ். பிள்ளைகள் நிறைந்த பெரிய குடும்பம். சுரங்க வேலை எங்கே இருக்கிறதோ அங்கே குடும்பமும் போனது. மத்திய இல்லினாயின் சின்னச் சின்ன ஊர்களில் மாறி மாறி வாழ்ந்தார்கள். தோட்டம் விட்டுத் தோட்டம் மாறிய பெற்றோரைக் கண்டவர்களுக்கு அந்த வாழ்க்கை எப்படி இருந்திருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை.

சிறுவயதில் சில காலம் லிட்ச்ஃபீல்டு என்ற ஊரில் புல்லோ என்ற குடும்பத்தாரின் வீட்டில் ஜேம்ஸ் தங்கியிருந்தார். அந்தக் குடும்பத்தின் பெயரைத்தான் பின்னாளில் தம் பெயரின் நடுவில் சேர்த்துக்கொண்டார். இன்று நாம் பார்க்கும் ஜேபிஎல்லில் நடு எழுத்து, தமக்கு இடம் கொடுத்த அந்த வீட்டின் பெயர்.

கைவேலையில் அவருக்குச் சிறுவயதிலேயே ஆர்வம் இருந்தது. பத்து வயதளவில் மின்சாரத்தைச் சேமிக்கும் லைடன் ஜாடி ஒன்றைத் தாமே செய்து, விளையாட்டுத் தோழர்களுக்கு ஷாக் கொடுத்து வேடிக்கை பார்த்தாராம். பன்னிரண்டு வயதில் சின்னதாக ஒரு வானொலி ஒலிபரப்பியைச் செய்தார். அதன் அலை சிகாகோ பக்கத்துக் கடற்படை நிலையத்தை எட்டிவிட, அங்கிருந்தவர்கள் தேடி வந்து அதைக் கழற்ற வைத்தார்கள் என்று ஒரு கதை அவரைப் பற்றிச் சொல்லப்படுகிறது. கொஞ்சம் கூட்டிச் சொன்னதாக இருந்தாலும், பையனின் சுபாவம் அதில் தெரிகிறது.

பொறியியல் பட்டம் எதுவும் அவர் பெறவில்லை. கார் மெக்கானிக்காகத்தான் வேலையைத் தொடங்கினார். 1924இல் தாய் இறந்தார். அதன்பின் அவர் வீட்டைவிட்டுப் புறப்பட்டார். மேற்கே யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் நகருக்குப் போய், வானொலி நிலையம் ஒன்றில் வேலை பார்த்தார். அங்கே இரண்டு பேரைச் சந்தித்தார். ஒருவர் கிளென்னா பீட்டர்சன். அவரை லான்சிங் மணந்துகொண்டார். மற்றவர் கென் டெக்கர். அவர் வணிகக் கூட்டாளியானார்.

லான்சிங்கின் வாழ்க்கையில் டெக்கரின் இடம் என்ன என்பது டெக்கர் இல்லாமல் போனபோதுதான் தெரிந்தது.

1927 மார்ச் 9ஆம் தேதி லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் இருவரும் சேர்ந்து லான்சிங் உற்பத்தி நிறுவனத்தைப் பதிவு செய்தார்கள். அதையொட்டித்தான் ஜேம்ஸ் மார்டினி, சட்டப்படி ஜேம்ஸ் புல்லோ லான்சிங் ஆனார். புது ஊர், புதுத் தொழில், புதுப் பெயர். சகோதரர்கள் சிலரும் வந்து சேர்ந்தார்கள். வானொலிப் பெட்டிகளுக்குள் வைக்கும் ஆறு அங்குல, எட்டு அங்குல ஸ்பீக்கர்களைச் செய்து விற்றார்கள். டெக்கர் கணக்கையும் வாடிக்கையாளரையும் பார்த்துக்கொண்டார். லான்சிங் பட்டறையில் இருந்தார்.

அதே ஆண்டு அக்டோபரில் தி ஜாஸ் சிங்கர் வெளிவந்தது. படம் பேசத் தொடங்கியது. ஹாலிவுட்டுக்குப் பக்கத்திலேயே ஸ்பீக்கர் செய்பவருக்கு அதைவிட நல்ல காலம் வேறு இல்லை.

அணசு செய்யும் வேலை

இந்த இடத்தில் கூம்பு ஒலிபெருக்கி எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடுவது நல்லது. நமக்கு அதற்கு அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. நாதஸ்வரம் போதும்.

நாதஸ்வரத்தின் சீவாளியை மட்டும் தனியே எடுத்து ஊதினால் கீச்சென்று ஓர் ஒலிதான் வரும். அதையே நீண்ட உலவில் பொருத்தி, அடியில் விரிந்த அணசு வழியாக வெளியே விடும்போது தெருக்கோடி வரை கேட்கிறது. ஊதுபவரின் மூச்சு அதேதான். சின்ன இடத்தில் பலமாக அதிரும் காற்றை, வெளியில் உள்ள பெரிய காற்றோடு படிப்படியாகச் சேர்த்து வைப்பதுதான் விரியும் குழலின் வேலை. அந்த வேலை நடக்காவிட்டால் அதிர்வின் பெரும்பகுதி வீணாகிவிடும். கோயில் திருவிழாவுக்கு மரத்தில் கட்டும் குழாய் ஒலிபெருக்கியும் இதே விதியில்தான் வேலை செய்கிறது.

பழைய கிராமபோனில் பூ விரிந்ததுபோல் இருக்கும் கூம்பும் இதற்காகத்தான். 1925இல் ரைஸ், கெல்லாக் என்ற இரு அமெரிக்கப் பொறியாளர்கள், சுருள் கம்பி ஒட்டிய காகிதக் கூம்பு நேரடியாக அதிர்ந்து ஒலி தரும் ஸ்பீக்கரை உருவாக்கினார்கள். இன்றைக்கு வீட்டில் இருக்கும் பெரும்பாலான ஸ்பீக்கர்கள் அந்த வழியில் வந்தவை. ஆனால் அப்படி நேரடியாக அதிரும் ஸ்பீக்கர், கொடுக்கும் மின்சாரத்தில் நூற்றில் ஒன்றிரண்டு பங்கைத்தான் ஒலியாக மாற்றும். கூம்பு பொருத்தினால் அது பல மடங்கு கூடும். அன்றைய வால்வு ஆம்பிளிஃபையர்கள் கொடுத்தது சில வாட் மின்சாரம் மட்டுமே. ஆயிரம் பேர் உட்காரும் திரையரங்கை அதை வைத்து நிரப்ப வேண்டும் என்றால் கூம்பைத் தவிர வேறு வழி இல்லை.

கூம்பில் ஒரு சங்கடமும் உண்டு. எவ்வளவு தாழ்ந்த ஒலி வேண்டுமோ அவ்வளவு பெரிய வாய் வேண்டும். வினாடிக்கு நாற்பது முறை அதிரும் ஆழமான ஒலியின் ஓர் அலை எட்டரை மீட்டர் நீளம். அதை முறையாக வெளியே அனுப்பும் கூம்பு வீட்டின் ஓர் அறையையே விழுங்கிவிடும். அதனால்தான் பெரிய கூம்புகளை மரப்பெட்டிக்குள் மடித்து மடித்து வைக்கிறார்கள். தாழ்ந்த ஒலிக்கு ஒரு பெரிய கூம்பு, உயர்ந்த ஒலிக்குச் சிறிய கூம்பு என்று வேலையைப் பிரித்துக் கொடுக்கிறார்கள்.

பிரித்துக் கொடுத்தால் எப்படி ஒலிக்கும் என்பதை 1933 ஏப்ரல் 27ஆம் தேதி பெல் ஆய்வுக்கூடத்தார் காட்டினார்கள். ஃபிலடெல்ஃபியாவில் இசைக்குழு வாசித்தது. வாஷிங்டன் மண்டபத்தில், குழுவே இல்லாத மேடையில், பெரிய கூம்பு ஒலிபெருக்கிகள் அதை ஒலித்தன. அங்கே ஒலியின் அளவைக் கையாண்டவர் இசை நடத்துநர் ஸ்டோகோவ்ஸ்கி. அந்தச் சாதனத்தைத் திரையரங்குகளுக்கு அப்படியே கொண்டுவர முடியாது. விலையும் அளவும் அப்படி. ஆனால் கேட்டவர்களுக்கு அதன்பிறகு பழைய திரையரங்கு ஒலி பிடிக்கவில்லை.

எம்ஜிஎம் தேடி வந்தபோது

பிடிக்காதவர்களில் ஒருவர் எம்ஜிஎம் படநிறுவனத்தின் ஒலிப்பதிவுத் துறைத் தலைவர் டக்லஸ் ஷீரர். நடிகை நோர்மா ஷீரரின் அண்ணன். படப்பிடிப்புத் தளத்தில் கவனமாகப் பதிவு செய்யும் ஒலி, திரையரங்குக்குப் போனதும் அடியும் இல்லாமல் உச்சியும் இல்லாமல் மூக்கால் பேசுவதுபோல் கேட்கிறது என்பது அவருடைய குறை. பெரிய நிறுவனங்கள் செய்து கொடுக்கும்வரை காத்திராமல், தாமே செய்துகொள்வது என்று முடிவு செய்தார். அவருடைய துறையில் இருந்த பொறியாளர் ஜான் ஹில்லியர்டு பொறுப்பேற்றார். ஸ்பீக்கர் செய்யும் கை வேண்டும் என்று வந்தபோது லான்சிங்கிடம் போனார்கள். லான்சிங்குடன் ஜான் பிளாக்பர்ன் என்ற பொறியாளரும் வேலை செய்தார்.

இந்த முயற்சியில் நடந்ததாக ஒலித்துறையினர் இன்றும் சொல்லும் ஒரு சம்பவம் உண்டு. எலினோர் பவல் என்ற நடிகையின் டேப் நடனக் காட்சியை அன்றைய ஒலிபெருக்கியில் போட்டுப் பார்த்தபோது, தரையில் படும் ஒவ்வொரு காலடியும் இரண்டாகக் கேட்டது. காரணத்தைத் தேடினார்கள். தாழ்ந்த ஒலிக்கான மடித்த கூம்பு மிக நீளம். அதற்குள் போகும் ஒலி, சிறிய கூம்பின் ஒலியைவிடப் பல அடி அதிகம் பயணம் செய்து, தாமதமாக வெளியே வந்தது. பாட்டிலும் பேச்சிலும் யாரும் கவனிக்காத அந்தத் தாமதத்தைச் சடக்கென்று விழும் காலடி காட்டிக்கொடுத்துவிட்டது.

அதனால் தாழ்ந்த ஒலிக்கூம்பைக் குட்டையாக்கினார்கள். இரண்டு கூம்பின் ஒலியும் ஒரே நேரத்தில் வந்து சேரும்படி வைத்தார்கள். மேலே, பல அறைகளாகப் பிரித்த உலோகக் கூம்பு; தேன்கூட்டைப் பெரிதாக்கியதுபோல் இருக்கும். அது உயர்ந்த ஒலியை அரங்கின் இரண்டு பக்கமும் சமமாக அனுப்பும். அதன் பின்னால் லான்சிங் நிறுவனம் செய்த டிரைவர். உள்ளே மெல்லிய உலோகத் தகடு ஒன்று, காற்றை ஒரு குறுகிய இடைவெளி வழியாக அழுத்தித் தள்ளும். அந்த இடைவெளியும் சுருளும் மயிரிழை பிசகாமல் இருக்க வேண்டும். பிசகினால் தகடு உரசிக் கிழியும், அல்லது ஒலி கெடும். லான்சிங்கின் திறமை இந்த இடத்தில்தான் இருந்தது. தாளில் கணக்குப் போட அக்காலத்திலேயே பலர் இருந்தார்கள். போட்ட கணக்கை உலோகத்தில் அப்படியே கொண்டுவந்து, ஒன்றைப்போல் இன்னொன்றைச் செய்து தரும் ஆள் அரிது.

ஷீரர் ஹார்ன் என்று பெயர்பெற்ற அந்த அமைப்பு திரையரங்கு ஒலிக்கு அளவுகோல் ஆனது. 1936ஆம் ஆண்டுக்கான ஆஸ்கார் தொழில்நுட்ப விருது அதற்குக் கிடைத்தது. விருது ஷீரருக்கும் எம்ஜிஎம் ஒலித்துறைக்கும். படநிறுவனம் முன்னின்று செய்ததால் அப்படித்தான் வரும். லான்சிங்கின் பெயர் வெளியில் பெரிதாகத் தெரியவில்லை.

அடுத்த ஆண்டு அவர் செய்தது வீட்டில் இசை கேட்பவர்களுக்கு அதைவிட முக்கியமானது. 1937இல் பிளாக்பர்னுடன் சேர்ந்து ஐகானிக் என்ற ஒலிபெருக்கியை வெளியிட்டார். ஒரு பெட்டிக்குள் 15 அங்குல ஊஃபர், மேலே சிறிய பல்லறைக் கூம்பு. திரையரங்கு அமைப்பின் குட்டி என்று சொல்லலாம். ஆழ்ந்த ஒலிக்கு முழுக் கூம்பை வைக்காமல், பெட்டியை மட்டும் வைத்து இடத்தைச் சுருக்கினார். பேச்சும் பாட்டும் தெளிவாகக் கேட்கும் மேல்பகுதிக்குக் கூம்பை விட்டுவைத்தார். ஒலிப்பதிவுக் கூடங்கள் அதை வாங்கின. வசதியுள்ள சிலர் வீட்டுக்கும் வாங்கினார்கள். இன்றைக்கு வீடுகளில் காணும் பெரிய ஊஃபரும் மேலே கூம்பும் கொண்ட பெட்டிகளுக்கெல்லாம் ஐகானிக்கை முன்னோடி என்று தயங்காமல் சொல்லலாம்.

1939இல் டெக்கர் இறந்தார். இராணுவ விமானப் படையின் சேமப்படையில் இருந்தவர், விமான விபத்தில் போய்விட்டார். நிறுவனத்தின் கணக்கைக் காத்த ஆள் அவர். அதன்பின் இரண்டே ஆண்டில் பணம் நெருக்கியது. நல்ல பொருள், நல்ல பெயர், கையில் காசு இல்லை. 1941 டிசம்பர் 4ஆம் தேதி, திரையரங்குகளின் ஒலிக்கருவிகளைப் பராமரித்துவந்த ஆல்டெக் நிறுவனம் லான்சிங் நிறுவனத்தை 50,000 டாலருக்கு வாங்கிக்கொண்டது. புதிய நிறுவனத்தின் பெயர் ஆல்டெக் லான்சிங். லான்சிங் அங்கே பொறியியல் பிரிவின் துணைத் தலைவராக ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் சேர்ந்தார். அவர் பெயர் இப்போது விற்ற சொத்தின் ஒரு பகுதி.

அந்த ஐந்தாண்டை அவர் வீணாக்கவில்லை. உருண்டைக் கம்பிக்குப் பதிலாகத் தட்டையான நாடாக் கம்பியை விளிம்பில் நிறுத்திச் சுருளாகச் சுற்றும் முறையை வேகமாகச் செய்ய வழி கண்டார். அப்படிச் சுற்றினால் அதே இடத்தில் அதிக உலோகம் அடங்கும், ஒலியும் கூடும். ஒரே சட்டத்தில் ஊஃபரையும் அதன் நடுவில் கூம்பையும் பொருத்திய 604 டியூப்ளெக்ஸ் அக்காலத்தில் வந்தது. ஒலிப்பதிவுக் கூடங்களில் பல பத்தாண்டுகள் அதை நம்பி வேலை செய்தார்கள். 1945இல் ஹில்லியர்டும் அங்கே இருக்க, வாய்ஸ் ஆஃப் தி தியேட்டர் என்ற திரையரங்கு வரிசை வந்தது. திரைக்குப் பின்னால் நிற்கும் அந்தப் பெரிய மரப்பெட்டிகள் அமெரிக்கத் திரையரங்குகளுக்குப் பொதுச் சொத்துபோல ஆயின.

தம் பெயருக்குத் தாமே வாதாடியவர்

1946இல் ஒப்பந்தம் முடிந்தது. லான்சிங் வெளியேறினார். மற்றவர் நிறுவனத்தில் பாதுகாப்பான சம்பளத்துக்கு இருந்திருக்கலாம். அவருக்கு அது ஒத்துவரவில்லை. அக்டோபர் 1ஆம் தேதி லான்சிங் சவுண்ட் என்ற பெயரில் சொந்த நிறுவனத்தைப் பதிவு செய்தார்.

ஆல்டெக் உடனே மறுப்புத் தெரிவித்தது. லான்சிங் என்ற பெயரை விலைகொடுத்து வாங்கியவர்கள் அவர்கள். வாடிக்கையாளர் குழம்புவார்கள் என்றார்கள். சட்டப்படி பார்த்தால் அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒரு மனிதர் தம் பெயரைத் தம் கடைக்கு வைக்கக்கூடாது என்று கேட்பது அவருக்கு எப்படி இருந்திருக்கும்? கடைசியில் ஜேம்ஸ் பி. லான்சிங் சவுண்ட் என்று முழுப்பெயராக மாற்றிச் சமரசம் செய்துகொண்டார்கள். பையனாக இருந்தபோது இடம் கொடுத்த புல்லோ குடும்பத்தின் ஓர் எழுத்து இங்கே உதவிக்கு வந்தது.

புதிய நிறுவனத்தின் பொருள்களில் பெயர் நிலைத்தது டி130 என்ற 15 அங்குல ஸ்பீக்கர். அதன் சுருள் மட்டும் நான்கு அங்குல விட்டம். அந்த அளவுக்குப் பெரிய சுருளை அப்போது யாரும் அப்படிச் செய்யவில்லை. கொஞ்ச மின்சாரத்துக்கு நிறைய ஒலி தரும். அதோடு டி175 என்ற சிறிய டிரைவரையும் கூம்பையும் சேர்த்து வீட்டுக்கான ஒலிப்பெட்டிகளைச் செய்தார். பின்னாளில் கித்தார் ஆம்பிளிஃபையர் செய்த லியோ ஃபெண்டரும் டி130ஐத் தேடி வாங்கினார்.

பொருளில் குறை இல்லை. குறை எல்லாம் கணக்கில்தான். மார்கார்ட் என்ற விமான நிறுவனம் முதலீடு செய்து சில காலம் தாங்கியது. அதன் நிதிப் பொறுப்பாளர் வில்லியம் தாமஸ், லான்சிங் நிறுவனத்தின் வரவு செலவைப் பார்த்துக்கொண்டார். டெக்கர் போனபின் லான்சிங்குக்குக் கிடைத்த முதல் நல்ல துணை அவர்தான். ஆனால் 1949இல் மார்கார்ட் நிறுவனமே வேறு கைக்கு மாறியது. புதிய உரிமையாளர்களுக்கு ஸ்பீக்கர் தொழிலில் ஆர்வம் இல்லை. லான்சிங் மீண்டும் தனியாக நின்றார். கடன் 20,000 டாலர் அளவுக்கு ஏறியிருந்தது.

வாங்கிய சரக்குக்குக் காசு கொடுக்க முடியாமல், கேட்டு வருபவர்களுக்குத் தவணை சொல்லிக்கொண்டு நாள் தள்ளுவது என்ன என்று சிறு தொழில் செய்பவர்களுக்குத் தெரியும். இத்தனைக்கும் காலம் அவருக்குச் சாதகமாகத் திரும்பிக்கொண்டிருந்தது. 1948இல்தான் கொலம்பியா நிறுவனம் நீண்ட நேரம் ஓடும் எல்பி இசைத்தட்டை வெளியிட்டது. நல்ல ஒலியை வீட்டிலேயே கேட்கலாம் என்ற ஆசை மக்களிடம் அப்போதுதான் பிறந்தது. இன்னும் நான்கைந்து ஆண்டு தாக்குப்பிடித்திருந்தால் போதும்.

1949 செப்டம்பரில், கலிஃபோர்னியாவின் சான் மார்கோஸ் பகுதியில் அவருக்கு இருந்த அவகாடோ தோட்டத்தில், லான்சிங் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். மனைவி கிளென்னாவையும் பிள்ளைகளையும், அடைக்காத கடன்களையும் விட்டுப் போனார்.

பெயர் மட்டும் வளர்ந்த கதை

நிறுவனத்தின் பெயரில் அவருக்கு 10,000 டாலர் ஆயுள் காப்பீடு இருந்தது. அந்தப் பணம் வந்ததும் வில்லியம் தாமஸ் நிறுவனத்தை மூடாமல் நடத்தினார். உயிரோடு இருந்தபோது திரட்ட முடியாத பணத்தை லான்சிங்கின் மரணம் கொண்டுவந்தது. அதைக் கணக்குப்புத்தகத்தில் ஒரு வரவாக எழுதியிருப்பார்கள். அதைப் படித்துவிட்டு எளிதில் அடுத்த பக்கத்துக்குப் போக முடியாது. பின்னர் கிளென்னாவின் பங்கையும் தாமஸ் வாங்கி, முழு உரிமையாளரானார்.

ஜிம் லான்சிங் என்ற பெயரில் பொருள்கள் வெளிவந்தபோது ஆல்டெக் மீண்டும் மறுப்புச் சொன்னது. 1955 வாக்கில் பெயரைச் சுருக்கி ஜேபிஎல் என்று அடையாளம் வைத்தார்கள். வழக்குக்குப் பயந்து சுருக்கிய எழுத்துகள் உலகப் பெயராகிவிட்டன.

வீட்டுக்கான பெரிய கூம்பு ஒலிபெருக்கியின் பொற்காலமும் அப்போதுதான். ஆர்கன்சா மாநிலத்தின் ஹோப் நகரில் பால் கிளிப்ஷ் என்பவர் 1946இல் தனியாக ஒரு நிறுவனம் தொடங்கியிருந்தார். அவருடைய யோசனை எளிமையானது. ஒலிபெருக்கியை அறையின் மூலையில் வைத்தால் இரண்டு சுவரும் தரையும் கூம்பின் தொடர்ச்சி ஆகிவிடும். அதனால் பெட்டி பாதியாகக் குறையும். கிளிப்ஷ்ஹார்ன் என்ற அந்த மூலைப்பெட்டி இன்றும் தயாராகிறது. கிளிப்ஷ் 98 வயது வரை வாழ்ந்து 2002இல் இறந்தார். ஒரே காலத்தில் ஒரே தொழிலைத் தொடங்கிய இருவரில் ஒருவருக்கு அரை நூற்றாண்டும், மற்றவருக்கு மூன்று ஆண்டும் கிடைத்தன.

மூலையில் நிற்கும் பெட்டியை ஜேபிஎல்லும் 1954இல் செய்தது. வில்லியம் ஹார்ட்ஸ்ஃபீல்டு வடிவமைத்ததால் அவர் பெயரே அதற்கு. உள்ளே மடித்த கூம்பில் 15 அங்குல ஊஃபர். மேலே, ஒலியைப் பக்கவாட்டில் பரப்பும் உலோகத் தகடுகள் வைத்த கூம்பு. அமெரிக்காவின் லைஃப் இதழ் 1955இல் அதைக் கனவு ஒலிபெருக்கி என்ற அளவில் புகழ்ந்து எழுதியது. இரண்டு பக்க ஒலியும் தனித்தனியே வரும் ஸ்டீரியோ முறை வீடுகளுக்கு வந்த சமயத்தில், 1957இல், பாரகான் வந்தது. எட்டரை அடி நீளம். இரண்டு பக்கத்துக் கூம்புகளும் ஒரே மரப்பெட்டிக்குள். முன்னால் வில்போல் வளைந்த பெரிய மரப்பலகை. கூம்புகளின் ஒலி அந்தப் பலகையில் பட்டுத் திரும்பி அறை முழுவதும் பரவும். ஆர்னல்டு வுல்ஃப் என்ற வடிவமைப்பாளர் அதற்கு உருவம் கொடுத்தார். பின்னாளில் அவரே நிறுவனத்தின் தலைவரும் ஆனார். பாரகானை வாங்க வேண்டும் என்றால் முதலில் அதை வைக்கச் சுவர் வேண்டும். இருந்தும் 1980களின் தொடக்கம் வரை வாங்குபவர்கள் இருந்தார்கள்.

பிறகு டிரான்சிஸ்டர் வந்தது. நூறு வாட் ஆம்பிளிஃபையர் மலிவாகக் கிடைத்தது. அதனால் வீட்டில் கூம்பின் தேவை குறைந்தது. பலர் சிறிய பெட்டிக்கு மாறினார்கள். கூம்பு பெரும்பாலும் திரையரங்கிலும் மேடையிலும் தங்கிவிட்டது. மண்டபத்தில் நாம் பார்க்கும் கறுப்புப் பெட்டிகளில் வலைக்குப் பின்னால் உற்றுப் பார்த்தால், கீழே ஒரு பெரிய ஊஃபரும் மேலே சிறிய கூம்பும் இருக்கும். ஐகானிக் பெட்டியில் லான்சிங் வைத்த அதே ஏற்பாடு.

1969இல் நிறுவனம் சிட்னி ஹார்மன் கைக்குப் போனது. 2017இல் ஹார்மன் நிறுவனத்தையே தென்கொரியாவின் சாம்சுங் வாங்கியது. பழைய ஹார்ட்ஸ்ஃபீல்டுகளுக்கும் பாரகான்களுக்கும் ஜப்பானில் இன்றும் மதிப்பு அதிகம். அங்கே ஜாஸ் இசைக்கென்றே இருக்கும் காப்பிக் கடைகளில் பழைய ஜேபிஎல், ஆல்டெக் ஒலிபெருக்கிகளைச் சுவரோரம் நிறுத்தி, எல்பி தட்டுகளை ஓட விடுகிறார்கள். பழைய முறை மாறாத கடைகளில் வாடிக்கையாளர்கள் ஒரு காப்பி வாங்கிக்கொண்டு, பேச்சில்லாமல் உட்கார்ந்து கேட்கிறார்கள்.